மதிலைத் தாண்டிய ஆய்வகங்கள்

சென்னை சர்தார் படேல் சாலையோரம் நீளும் மதிலுக்குப் பின்னால், கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி, 617 ஏக்கரில் பரந்து கிடக்கிறது சென்னை ஐஐடி என்று ஊரார் சுருக்கி அழைக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். இந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் கிண்டிக் காட்டின் பகுதி. கட்டடங்கள் வந்த பிறகும் காடு முழுதாக விட்டுக்கொடுத்துவிடவில்லை. புள்ளிமான்கள் சாலையோரம் மேய்கின்றன. திறந்த புல்வெளியை நாடும் வெளிமான்களும் இங்கே உண்டு. விடுதி அறையின் ஜன்னலைச் சாத்த மறந்தவர்கள் குரங்குகளிடம் பாடம் படிக்கிறார்கள். வளாகத்துக்குள் ஏரி இருக்கிறது. கழகம் வருவதற்கு முன்பே இருந்த ஜலகண்டேசுவரர் கோயிலும் பீலியம்மன் கோயிலும் இருக்கின்றன. விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்: காவேரி, கிருஷ்ணா, நர்மதா, அலகநந்தா, சராவதி, தாமிரபரணி. யானைச் சிற்பங்கள் நிற்கும் வட்டத்துக்குக் கஜேந்திரா சர்க்கிள் என்று பெயர். முதன்மை வாயிலிலிருந்து உள்ளே வருபவர் எவரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கழகத்தின் பிறப்பில் மேற்கு ஜெர்மனிக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டின் நான்கு திசைகளிலும் உயர் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைக்க வேண்டும் என்று விடுதலைக்கு முன்பே சர்க்கார் என்பவர் தலைமையிலான குழு பரிந்துரைத்திருந்தது. காரக்பூர் முதலில் வந்தது. பம்பாய்க்குச் சோவியத் உதவியும், கான்பூருக்கு அமெரிக்க உதவியும் கிடைத்தன. தெற்கே அமைய வேண்டியதற்கு மேற்கு ஜெர்மனி 1956-இல் கை நீட்டியது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கருவிகள், ஆய்வகங்கள், சில ஆண்டுகள் தங்கிக் கற்பிக்க ஜெர்மானியப் பேராசிரியர்கள், இந்திய ஆசிரியர்களுக்கு ஜெர்மனியில் பயிற்சி என்று உதவி பல வடிவங்களில் வந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் கழகத்தைத் தொடங்கிவைத்தார். முதல் இயக்குநர் பி. சென்குப்தோ. முதல் பட்டமளிப்பு விழா 1964-இல் நடந்தபோது உரையாற்றியவர் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். வளாகத்துச் சாலைகளுள் ஒன்று இன்றும் பான் அவென்யூ என்றே அழைக்கப்படுகிறது.

ஜெர்மானிய உதவி கருவிகளோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. பொறியாளன் ஆகப்போகிறவன் அரத்தையும் கடைசல் இயந்திரத்தையும் கையால் தொட்டுப் பழக வேண்டும் என்ற பிடிவாதம்தான் அது. பணிமனைப் பயிற்சி பாடத்திட்டத்தில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1973 வாக்கில் வந்து சேர்ந்த ஐபிஎம் 370/155 கணினியும் ஜெர்மன் உதவிதான். அன்றைய இந்தியாவின் மிகப்பெரிய கணினிகளுள் அது ஒன்று. நாட்டில் கணினித் துறை என்ற ஒன்றே முளைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சென்னை மாணவர்களுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பின் பலன் அடுத்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது.

தெரிந்தது பெரும்பாலும் அமெரிக்காவில் என்பதுதான் அக்காலத்து மனத்தாங்கல். 1970-களிலும் 80-களிலும் பட்டம் வாங்கியவர்களில் பலர் மேற்படிப்புக்கு விமானம் ஏறினார்கள், திரும்பியவர்கள் குறைவு. மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்கு உழைப்பதா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை ஒலித்தது. கேள்வியில் நியாயம் இருந்தது. அதே சமயம், போனவர்கள் செய்ததும் சிறியதல்ல. 1969-இல் இங்கே மின்பொறியியல் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஐஜிபிடி என்ற மின்திறன் டிரான்சிஸ்டரை உருவாக்கினார். மின்சார ரயில், ஏர் கண்டிஷனர், மின்சாரக் கார், காற்றாலை என்று மின்னோட்டத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்த வேண்டிய இடங்களிலெல்லாம் இன்று அது இருக்கிறது. 2024-இல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராக இருந்த சுப்ரா சுரேஷ், இணையவழிக் கல்வித் தளமான எட்எக்ஸைத் தொடங்கிய அனந்த் அகர்வால் ஆகியோரும் இதே கஜேந்திரா சர்க்கிளைச் சுற்றி வந்தவர்கள்தான்.

ஆள்கள் வெளியேறிய இடத்திலிருந்து பொருள்கள் வெளிவரத் தொடங்கியது 1990-களில். அந்தத் திருப்பத்துக்குக் காரணம் டெனெட் என்ற ஆசிரியர் குழு. அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வெஸ் முதலியோர் அதில் இருந்தார்கள். தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுப்பதுதான் செலவில் பெரும்பகுதி என்று கண்ட குழு, கடைசிக் கட்டக் கம்பியை நீக்கிவிட்டு வானொலி அலையில் இணைப்புத் தரும் கார்டெக்ட் முறையை வடிவமைத்தது. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. பல நாடுகளுக்கும் அது போனது. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் இதே முறையைக் கொண்டு கிராமங்களுக்கு இணையம் போனது. மருத்துவ ஆலோசனை கேட்கவும் அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் கிராமத்துக் கணினி மையங்களை மக்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். கைபேசி மலிந்ததும் கார்டெக்ட் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பேராசிரியர் ஆராய்வது, மாணவர் நிறுவனம் தொடங்குவது, இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போவது என்ற வழி மட்டும் நிலைத்துவிட்டது. இன்று கழகத்திலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை அந்த வழியில் விளைந்தவை.

வழியைச் சாலையாக்கியது 2010-இல் தரமணியில் இயங்கத் தொடங்கிய ஆராய்ச்சிப் பூங்கா. பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்து இந்தியாவில் எழுந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா இதுதான். பார்வைக்கு மற்ற தகவல்தொழில்நுட்பக் கோபுரங்களைப் போலத் தெரிந்தாலும், இடம் பிடித்தவர்களுக்கு இங்கே வாடகையோடு இன்னொரு கடமையும் உண்டு. நிறுவனங்கள் கழகத்தோடு கூட்டு ஆய்வு செய்வது, மாணவர்களுக்குப் பயிற்சி தருவது, ஆசிரியர்களிடம் ஆலோசனை பெறுவது போன்றவற்றால் புள்ளிகள் சேர்க்க வேண்டும். வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே வேறு வேலை பார்க்க முடியாதபடி செய்த ஏற்பாடு இது. புதிதாய்த் தொழில் தொடங்குவோருக்கான வளர்ப்பு மையங்கள் 2013-இல் ஒரே குடையின் கீழ் வந்தன. 2024-25 நிதியாண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே சேர்ந்தன.

அப்படி வளர்ந்தவற்றுள் ஊரறிந்த பெயர் ஏதர். பொறியியல் வடிவமைப்புத் துறையில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-இல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் அது. தொடக்க நாள்களில் அவர்களுக்கு இடமும் ஆலோசனையும் கொடுத்தது கழகம். 2025 மே மாதம் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பட்டது.

அக்னிகுல் காஸ்மாஸ் என்ற ராக்கெட் நிறுவனத்தின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத்தக்கது. ஏனென்றால் ஆய்வகம் ஒன்றுக்கு அரசு செலவிடும் பணம் எத்தனை ஆண்டு கழித்து, எந்த உருவில் திரும்பி வருகிறது என்பதை அது காட்டுகிறது. கழகத்தில் எரிதல் பற்றிய ஆய்வுக்கென்று தேசிய மையம் ஒன்று உண்டு. அடுப்புச் சுடரிலிருந்து ஜெட் எஞ்சின் வரை எரிபொருள் எப்படிப் பற்றுகிறது, எங்கே நடுங்குகிறது, ஏன் அணைகிறது என்பதைப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி முதலியோர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த இடம். சிறிய செயற்கைக்கோள்களை ஏற்றிச்செல்லும் சிறிய ராக்கெட் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் ஆகியோர் அவரை அணுகியதில் 2017 டிசம்பரில் நிறுவனம் பிறந்தது.

ராக்கெட் எஞ்சின் என்பது வழக்கமாகப் பல நூறு பாகங்களைத் தனித்தனியே செய்து, பற்றவைத்துப் பொருத்துவது. மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரு பலவீனப் புள்ளி. அக்னிகுல் அதை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்தது. வெப்பம் தாங்கும் உலோகக் கலவைப் பொடியை லேசரால் உருக்கி, படலம் மேல் படலமாக வளர்த்து எடுப்பது இந்த முறை. குளிர்விக்கும் எரிபொருள் ஓடுவதற்கான நுண்ணிய கால்வாய்கள்கூட எஞ்சின் சுவருக்குள்ளேயே அச்சாகிவிடுகின்றன. எரிபொருளாக விமானங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் வகை. அதை எரிக்கக் கடுங்குளிரில் நீர்மமாக்கிய ஆக்சிஜன். இரண்டில் ஒன்று மட்டும் கடுங்குளிர் திரவம் என்பதால் இதற்கு அரைக் கிரையோஜெனிக் என்று பெயர்.

ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென்று சிறிய ஏவுதளத்தையும் நிறுவனம் 2022-இல் அமைத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் தனியார் ஏவுதளம் அது. 2024-இல் சோதனை ராக்கெட் நான்கு முறை புறப்படத் தயாராகி, கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. ஏதேனும் ஓர் அளவீடு எல்லை தாண்டினால் கணினியே நிறுத்திவிடும். ஐந்தாவது முறை, மே 30 காலையில், அக்னிபான் என்ற அந்த ராக்கெட் மேலே எழும்பியது. முப்பரிமாண அச்சில் உருவான அரைக் கிரையோஜெனிக் எஞ்சினின் கட்டுப்படுத்தப்பட்ட முதல் பறப்பு என்று இஸ்ரோ வாழ்த்தியது. இது சுற்றுப்பாதையை எட்டாத சோதனைப் பறப்புதான். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவது இன்னும் கடினமான அடுத்த வேலை. செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

சக்தி செயலியின் பாதையும் இதே போல நீண்டது. வங்கி, ராணுவம், தொலைத்தொடர்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நுண்செயலிகளை இந்தியா வெளியிலிருந்தே வாங்கிவந்தது. வாங்கும் சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. வடிவமைப்பைப் பயன்படுத்த உரிமக் கட்டணமும் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி உலகுக்குக் கிடைத்ததும், வி. காமகோடி தலைமையில் கணினித் துறை 2014-இல் சொந்தச் செயலி வடிவமைப்பில் இறங்கியது. 2018-இல் சக்தி செயலிகள் இரண்டு வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் அச்சானது. மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசின் குறைகடத்தி ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் அச்சானது. எண் பெரிதானால் நுட்பம் பழையது. ஆயினும் வடிவமைப்பும் தயாரிப்பும் உள்நாட்டிலேயே முடிந்தது என்பதால் மொகாலிச் சிப்புக்கு மதிப்புக் கூடுதல். 2020-இல் மௌஷிக் என்ற சிப் வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சிப் அறிவிக்கப்பட்டது. காமகோடி 2022 ஜனவரி முதல் கழகத்தின் இயக்குநர்.

ராக்கெட்டும் சிப்பும் தலைப்புச் செய்தியாகின்றன. அன்றாட வாழ்க்கையைத் தொடும் வேலைகள் உள்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. வேதியியல் துறைப் பேராசிரியர் டி. பிரதீப் முதலில் குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லி எச்சத்தை உலோக நானோ துகள்களால் நீக்கும் வழி கண்டார். பிறகு ஆர்செனிக் பக்கம் திரும்பினார். மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரோடு கலந்துவரும் இந்த நஞ்சுக்கு நிறமோ சுவையோ மணமோ கிடையாது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் தோலில் புண்ணாகவும் உள்ளுறுப்பில் புற்றாகவும் அது வெளிப்படும். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நுண்ணளவு இரும்புச் சேர்மத்தால் ஆர்செனிக்கைப் பிடித்துவைக்கும் அம்ரித் என்ற வடிகட்டும் முறையை அவரது குழு உருவாக்கியது. மின்சாரம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். 2020-இல் பத்மஸ்ரீயும், 2022-இல் தண்ணீர் ஆய்வுக்கான இளவரசர் சுல்தான் பன்னாட்டுப் பரிசும் பிரதீப்புக்குக் கிடைத்தன.

இயந்திரப் பொறியியல் துறையில் சுஜாதா சீனிவாசன் நடத்தும் மறுவாழ்வுக் கருவி மையம் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கிறது. சக்கர நாற்காலியில் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவருக்கு ரத்த ஓட்டம், எலும்பின் வலு, தோல் எல்லாமே கெடும். உட்கார்ந்தவர் தன் முயற்சியிலேயே எழுந்து நிற்க உதவும் அரைஸ் நாற்காலியை மையம் 2019-இல் வெளியிட்டது. அங்கிருந்து பிரிந்த நியோமோஷன் நிறுவனம், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் மூன்று சக்கர வண்டியாகிவிடும் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பைத் தந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். நாற்காலியை ஒவ்வொருவர் உடலின் அளவுக்கும் தைப்பதுபோலச் செய்துதருகிறார்கள். ஒரே அளவில் வாங்கி விநியோகிக்கும் அரசுத் திட்டங்கள் கற்றுக்கொள்ள இதில் விஷயம் உண்டு. 2022-இல் வந்த கதம் என்ற செயற்கை மூட்டு, முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் மேடுபள்ளத்தில் இடறாமல் நடக்க உதவுகிறது.

செப்டிக் டேங்குக்குள் மனிதனை இறக்குவதைச் சட்டம் தடை செய்து பல ஆண்டுகள் ஆகியும் மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை. பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு வடிவமைத்த ஹோமோசெப் இயந்திரத்தின் சுழலும் தகடுகள் தொட்டியின் சிறிய வாய் வழியே குடைபோல் மடங்கி இறங்கி, உள்ளே விரிந்து, அடியில் இறுகிக் கிடக்கும் கசடைக் கலக்கிக் கூழாக்குகின்றன. பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம். இறுகிய கசடைக் கிளறத்தான் வழக்கமாக ஆளை இறக்குவார்கள். முதலில் தயாரான இயந்திரங்களில் சில, இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. ராக்கெட்டுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்கலாம்.

அண்மை ஆண்டுகளில் கழகம் மருத்துவத்தின் பக்கமும் நகர்ந்திருக்கிறது. கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நன்கொடையில் 2022-இல் திறக்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனித மூளையை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கித் தரத்தில் படமெடுத்து, மீண்டும் கணினியில் முழு மூளையாக அடுக்குகிறது. கருவில் நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரையான மூளையின் முப்பரிமாண வரைபடம் 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் வெளியானது. 5,132 சீவல்களின் படங்கள் அதில் உள்ளன. எந்த நாட்டு ஆய்வாளரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பிறவியிலேயே வரும் மூளைக் குறைபாடுகள் கருவில் எந்தக் கட்டத்தில் தொடங்குகின்றன என்று தேடுபவர்களுக்கு இப்படியொரு ஒப்பீட்டுப் படம் அவசியம்.

மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரவெல்லாம் விளக்கு எரியும். பந்தயக் கார், ஆளில்லா விமானம், நீர்மூழ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. 2017-இல் உருவான ஆவிஷ்கார் அணி ஹைப்பர்லூப்பில் இறங்கியது. காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து ஓடும் வண்டி அது. 2019-இல் அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இவர்கள் போனார்கள். பிறகு தையூரில் உள்ள கழகத்தின் துணை வளாகத்தில், ரயில்வே அமைச்சக உதவியோடு 422 மீட்டர் சோதனைக் குழாய் எழுந்தது. நகரங்களுக்கிடையே இது ஓடுமா என்பது பொறியியலைவிடப் பணத்தைப் பொறுத்த கேள்வி. உலகில் இதைத் தொடங்கிய சில நிறுவனங்கள் மூடிவிட்டன. மாணவர்களுக்கு அதனால் நட்டமில்லை. காந்தமும் வெற்றிடமும் மின்கலமும் அவர்கள் கைக்கு வந்துவிட்டன.

மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கழகம் தந்தவற்றுள் பலரைச் சென்றடைந்தது பாடம்தான். 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் திட்டத்துக்குச் சென்னையே தலைமையிடம்போல இருந்துவருகிறது. பேராசிரியர்களின் வகுப்புகளைப் படமெடுத்து இலவசமாகத் தருவதுதான் திட்டம். நல்ல ஆசிரியர் கிடைக்காத பொறியியல் கல்லூரிகளில் தேர்வுக்கு முந்தைய இரவு மாணவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தக் காணொளிகளே. பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. 2020-இல் கழகம் மேலும் ஓர் அடி எடுத்துவைத்து, தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். அடித்தளம், டிப்ளமா, பட்டம் என்று எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். உள்ளே நுழைவது எளிது, தேறி வெளியே வருவது கடினம் என்பதுதான் இதன் அமைப்பு. வடிகட்டலை வாசலில் வைக்கும் பழைய முறையை இது தலைகீழாக்கிவிட்டது. பல்லாயிரம் பேர் சேர்ந்து படிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும் அவர்களில் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களை இதில் சேர்க்க, அனைவருக்கும் ஐஐடிஎம் என்ற பெயரில் தனி முயற்சியும் நடக்கிறது.

ஜேஇஇ அல்லாத வாசல்கள் வளாகப் படிப்புக்கும் திறந்திருக்கின்றன. தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 2024-25 முதல் தனி இடங்கள். அடுத்த ஆண்டு இசை, நாட்டியம் போன்ற கலைகளில் சிறந்தவர்களுக்கும், அறிவியல் ஒலிம்பியாடில் தேர்ந்தவர்களுக்கும். ஐஐடிகளில் விளையாட்டுக்கும் கலைக்கும் இப்படி இடம் ஒதுக்குவதை முதலில் செய்தது சென்னை. தொடக்க காலத்தில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த மாணவிகளின் பங்கு, 2018 முதல் எல்லா ஐஐடிகளிலும் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டதால் உயர்ந்தது. ஜனவரியில் சாரங் கலைவிழாவும், தொழில்நுட்ப விழாவான சாஸ்த்ராவும் வளாகத்தைச் சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் திறந்துவிடுகின்றன. சாரங்குக்கு 1990-களின் நடுப்பகுதி வரை மார்டி கிரா என்று பெயர். திறந்தவெளி அரங்கில் சனிக்கிழமை இரவு படம் பார்ப்பது பல தலைமுறைகளின் பழக்கம்.

வளாகச் செய்திகளில் பெருமைப்பட முடியாதவையும் இருக்கின்றன. மாணவர் தற்கொலைகள் கழகத்தைப் பலமுறை உலுக்கியிருக்கின்றன. 2023-இல் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளுக்குப் பின், ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது; மனநல ஆலோசனை ஏற்பாடுகள் விரிவாக்கப்பட்டன. ஊரிலேயே முதலாவதாக வந்து பழகியவர் ஆயிரம் முதலாவதுகளுக்கு நடுவில் உட்காரும்போது வரும் அழுத்தம் ஒரு பக்கம். சாதி, மொழி, பொருளாதாரப் பின்னணியால் வரும் ஒதுக்கம் இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றிப் பேச நிர்வாகங்கள் தயங்குகின்றன. 2015-இல் அம்பேத்கர்-பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைக் கழகம் ரத்து செய்தபோது நாடு முழுதும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களில் அங்கீகாரம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீடு எந்த அளவுக்கு நிரப்பப்படுகிறது என்ற கேள்வியும் ஓயாமல் எழுகிறது. கட்டடங்கள் பெருகப் பெருக வெளிமான்களுக்குத் தேவையான புல்வெளி குறைவது இன்னொரு கவலை.

மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் பொறியியல் பிரிவில் 2016 முதல் 2025 வரை பத்து ஆண்டுகளும், ஒட்டுமொத்தப் பிரிவில் 2019 முதல் ஏழு ஆண்டுகளும் சென்னை ஐஐடி முதலிடத்தில் இருக்கிறது. நிதி, ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் பட்டியலில், அவையெல்லாம் ஏற்கெனவே கூடுதலாகப் பெற்ற மத்திய நிறுவனம் முந்துவதில் வியப்பில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களை அதே அளவுகோலால் அளப்பது எவ்வளவு சரி என்பது தனி விவாதம். பணத்தைப் பொறுத்தவரை முன்னாள் மாணவர்களின் பங்கும் வளர்ந்துவருகிறது. 1970-இல் விமானப் பொறியியலில் முதுநிலை முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024-இல் 228 கோடி ரூபாய் கொடுத்தார். கழகம் பெற்ற மிகப்பெரிய தனிநபர் நன்கொடை அது.

ஜெர்மனியின் கைபிடித்து எழுந்த கழகம் இப்போது வேறொரு நாட்டில் தானே வளாகம் நடத்துகிறது. தான்சானியாவின் சான்சிபார் தீவில் 2023-இல் வகுப்புகள் தொடங்கின. இந்தியாவுக்கு வெளியே எந்த ஐஐடியும் தொடங்கிய முதல் வளாகம் இது. அதன் பொறுப்பு இயக்குநராக வேதிப்பொறியியல் பேராசிரியர் பிரீத்தி அகலாயம் அமர்த்தப்பட்டார். ஐஐடி வளாகம் ஒன்றுக்குப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் முதல் பாடங்களாக வைக்கப்பட்டன. தான்சானிய மாணவர்களும் இந்திய மாணவர்களும் அங்கே ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.